பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னாயே

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம், ஒருவர் பேசிக்கொண்டும் ஒருவர் பேசாமலும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், உன் இடுப்பு வலி குறைந்ததா, ஆபீசில் நாற்காலியை மாற்றிக் கொடுத்தார்களா என்பதையும் எழுது. சுகம் விசாரித்தாகிவிட்டது, இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை கேட்டது என் மகளின் குரல் கேட்கும் ஆசையில். இரண்டாவது தடவை கேட்டது, பெற்ற மகள் இப்படிப் பேசுவாளா என்ற சந்தேகத்தில். உடனே போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆனால் நான் இரண்டாவது வார்த்தைக்கு வருவதற்குள் நீ சரிம்மா சரிம்மா மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய். கடிதம் அப்படி இல்லை, பாதியில் கீழே வைத்தாலும் நீ திரும்பி வரும்வரை அங்கேயே கிடக்கும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ கேட்டது உங்கப்பா சொன்ன கதை. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள், உனக்கு மட்டும் ஒரு கையிலேயே நன்றாகக் கேட்டிருக்கிறது. அதனால் தெரிந்த விஷயத்தையும் சேர்த்து முதலில் இருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. பல் டாக்டர் ஒருவர் துணி போர்த்தி வைத்திருந்த அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை உங்கப்பா விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாரே, அப்போது நான் ஒரு வார்த்தை குறை சொன்னேனா. இரண்டே சீட்டு, உள்ளே இறங்குவது தரையில் உட்காருவது மாதிரி, வெளியே வர வேண்டும் என்றால் கதவைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து, ஒரு பெருமூச்சு விட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பின்னால் பெட்டி வைக்கும் இடத்தில் ஒரு பையை வைத்தால் இரண்டாவது பைக்கு இடம் இல்லை. தெருவில் எல்லோரும் இந்த வயசில் இது தேவையா என்று கேட்டார்கள். தேவைதான் என்று சொன்னவள் நான். கூரைத் துணியை மடக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்க, மலைமேல் வரைக்கும் போய் ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று உங்கப்பா சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவருக்குக் கூடச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

அந்த மலை ரோடு அவருக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா. பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் டேபிள் போட்டவர். மலை பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த வளைவுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மேஜையில் உட்கார்ந்து எழுதினவர், ஒரு நாள் கூட அந்த ரோட்டில் போனதில்லை. அடிவாரத்தில் இருந்து உச்சி வரை ஐம்பத்திரண்டு நிமிஷம் என்று அவர் எழுதினதை எந்த டிரைவரும் ஒழுங்காகப் பிடித்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது சார் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்களாம். நம் தெருக்கோடியில் இருக்கிறாரே ரிட்டயர்டு டிரைவர், எல்லோரும் ஹார்ன் அண்ணன் என்று கூப்பிடுவார்களே, அவர் இன்றைக்கும் உங்கப்பாவைப் பார்த்தால் என்ன சார் ஐம்பத்திரண்டு என்றுதான் குசலம் விசாரிப்பார். அதனால் அந்த ரோட்டைப் பார்க்க வேண்டும், அந்த நேரம் சரிதான் என்று காட்ட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. ஆள் நிறைந்த பஸ் ஏறுவதும் இந்தக் குட்டிக் கார் ஏறுவதும் ஒன்றா, இதில் ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் போய்விட்டால் யாருக்கு என்ன நிரூபணம் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆசைப்படுகிறவரிடம் கணக்குப் பேசக்கூடாது.

பயணத்துக்குத் திட்டம் போடுகிறேன் என்று இரண்டு வாரம் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டார். பதினோரு தாள். வந்து சேரும் நேரம், புறப்படும் நேரம், நிற்கும் நேரம் என்று கட்டம் கட்டமாக. அருவிக்கு ஒன்பது நிமிஷம். பள்ளத்தாக்கு பார்க்கும் இடத்துக்கு நாலு நிமிஷம். ஏரிக்குப் பதினேழு, டீ உட்பட. நாலு நிமிஷத்தில் பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்க முடியாதே என்றேன், பள்ளத்தாக்கு எங்கேயும் போயிடாது, நாம போகணும் என்றார். அதற்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசித் தாளைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. டிப்போ படிவத்தை அப்படியே காப்பி அடித்து வரைந்திருக்கிறார், அடியில் இரண்டு பெயர் போட இடம். ஓட்டுநர் என்ற இடத்தில் அவர் பெயர். நடத்துநர் என்ற இடத்தில் என் பெயர். அதற்குக் கீழே நடத்துநரின் வேலைகள்: தாளைக் கையில் வைத்திருப்பது, நேரம் சொல்வது, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பது.

பாப்பா, உன் அம்மா என்ன வேலை பார்த்தாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா, இல்லை மெசேஜ் அனுப்பும் அவசரத்தில் மறந்துவிட்டாயா. இருபத்தாறு வருஷம் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். இருபத்தாறு வருஷமும் பக்கத்து சீட்டில். என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச், கையில் ஒன்றும் கிடையாது. ஸ்கூல் வாசலில் கிளம்பி, மார்க்கெட் ரோடு, ஆஸ்பத்திரி முக்கு, லெவல் கிராசிங், அங்கே யூ டர்ன், திரும்பவும் அதே வழி. ஒரு நாளைக்கு ஏழு தடவை. ஸ்கூல் காரை சொந்த வேலைக்கு எடுக்கக்கூடாது என்பது சட்டம், நமக்குச் சொந்தக் கார் கிடையாது, உங்கப்பாவிடம் பஸ் பாஸ் இருந்தது, எங்கே போனாலும் பஸ்தான். ஊரில் பாதிப் பெண்கள் என்னிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கி எங்கெங்கேயோ ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் ஒரு தடவை கூட அந்த லெவல் கிராசிங்கைத் தாண்டி ஓட்டினதில்லை. இதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றினதும் இல்லை. அந்த நடத்துநர் என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்தபோதுதான் சுருக்கென்று தைத்தது.

நானும் பாதி தூரம் ஓட்டுகிறேனே என்று நல்லபடியாகத்தான் கேட்டேன். மலைப் பகுதியை மட்டுமாவது கொடுங்கள் என்றேன். உனக்கு எதுக்கு சிரமம், காலம் பூரா ரோட்டைப் பார்த்தாச்சு, இனிமே நீ ஜாலியா உக்காந்து வா என்றார். சிரமம் என்று நான் சொன்னேனா, அவராக எனக்கு ஒரு சிரமத்தைக் கண்டுபிடித்து, அவராகவே அதை நீக்கியும் கொடுக்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் நாலாவது தடவையில் லைசென்ஸ் வாங்கினவர், அதுவும் இருபது வருஷத்துக்கு முன்னால், அதற்குப் பிறகு இந்தக் கார் வரும்வரை ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. டெஸ்ட் எடுத்த இன்ஸ்பெக்டர் என் மூஞ்சிக்காகப் போனால் போகிறது என்று கையெழுத்துப் போட்டார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம், இப்போது உனக்கும் தெரியும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஒத்திகை பார்க்கலாம் என்று காலையில் கிளம்பினோம், ஊருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேடு வரைக்கும். நான் நடத்துநர், மடியில் தாள், கையில் அவருடைய கைக்கடிகாரம். அவர் இரண்டாவது கியரிலேயே ஊரைத் தாண்டினார், என்ஜின் கதறுகிறது, என் வலது கால் தன்னால் தரையை மிதிக்கிறது. அங்கே பிரேக் இல்லை என்று மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. சும்மா மிதிக்காதே எரிச்சலா இருக்கு என்று இரண்டு தடவை சொன்னார், காலை மடக்கி வைத்துக்கொண்டேன். மேட்டின் பாதியில் சிக்னல் விழுந்தது. நின்றோம். பச்சை வந்தது, கிளட்சை விட்டார், என்ஜின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி நின்றது, பிரேக்கில் இருந்து காலை எடுத்துவிட்டார், கார் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் ரொட்டி வண்டி, அதன் மூக்குக்கும் எங்கள் காருக்கும் ஒரு முழம் கூட இல்லை. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இழுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கவில்லை, இருபத்தாறு வருஷத்தில் யோசித்து இழுத்ததே இல்லை, கை தானாகப் போய்விட்டது. கார் நின்றது. கோடு கூட விழவில்லை.

ரொட்டி வண்டியில் இருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள், சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. என்னிடம் படித்தவள், மூன்று மாசம் ரிவர்ஸ் வராமல் அழுதவள், இப்போது அந்த வண்டியைப் பத்து வருஷமாக ஓட்டுகிறாளாம். டீச்சர் இன்னும் சொல்லிக் கொடுத்துக்கிட்டுதான் இருக்கீங்களா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் குனிந்து உங்கப்பாவைப் பார்த்து, பயப்படாதீங்க சார், டீச்சர் கையில நாங்கள்லாம் இதைவிட மோசமா இருந்தோம், இந்த வயசுல கத்துக்க வந்தீங்களே அதுவே பெரிசு என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். உங்கப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன், அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்துவிட்டது.

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. சிக்னல் தப்பான இடத்தில் இருக்கிறதாம், கிளட்ச் இறுக்கமாம், எல்லாவற்றுக்கும் மேல் நான் ஓட்டுகிறவர் கையை நம்பாமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நடுரோட்டில் மானத்தை வாங்கிவிட்டேனாம். பயணமே கேன்சல் என்று பதினோரு தாளையும் மடித்து பீரோவில் வைத்துவிட்டார். மெக்கானிக்கை வரச் சொல்லி கிளட்சைப் பார்க்கச் சொன்னார். மெக்கானிக்கும் பார்த்துவிட்டு, கிளட்ச் நல்லாத்தான் இருக்குங்க என்று சொல்லி, ஏனோ என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அவர் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை உன் தீர்ப்பு வந்துவிட்டது. அம்மா, நீ இவ்வளவு வருஷம் உழைச்சாச்சு, அப்பாதான் ஆசையா வாங்கியிருக்காரு, அவரே ஓட்டட்டும், நீ நிம்மதியா பக்கத்து சீட்ல உக்காந்து வேடிக்கை பாரேன், அவர் மனசு நோகாம பார்த்துக்கோ. இதுதானே நீ சொன்னது. அவர் மனசு நோகும், சரி. என் மனசு என்ன மரக்கட்டையா. ஹேண்ட் பிரேக் இழுக்காமல் விட்டிருந்தால் அந்த மஞ்சள் காரின் பின்பாகம் இன்றைக்கு ரொட்டி வண்டிக்குள் இருந்திருக்கும் என்று அவர் உனக்குச் சொன்னாரா. நீயாவது, அம்மா நீ என்ன சொல்றே என்று ஒரு வரி கேட்டாயா. பக்கத்து சீட்டில் உட்கார் என்று யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், நீ சொன்னதுதான் வலிக்கிறது. வெளிப்படையாகவே சொல்கிறேன், நேற்று அடுப்படியில் நின்று அழுதேன். அழுகை கோபத்தால் வந்தது, சோகத்தால் இல்லை, நீ பயப்பட வேண்டாம்.

மேலே உள்ளதை நேற்று புதன்கிழமை எழுதினேன், கை வலித்தது என்று அதோடு வைத்துவிட்டேன். இன்று வியாழக்கிழமை. தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, எழுத இன்னும் விஷயம் இருக்கிறது.

இன்று காலை உங்கப்பா குளிக்கப் போனார். நான் காய்கறி வாங்கப் பையை எடுத்தேன், ஆணியில் கார் சாவி தொங்கியது. பையை வைத்துவிட்டு சாவியை எடுத்தேன். கேட்டு எடுத்திருக்க வேண்டும் என்று நீ சொல்வாய், மூன்று நாளாகப் பேசாதவரிடம் எதைக் கேட்பது. சீட்டை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைத் திருத்தினேன், பெல்ட்டைப் போட்டேன், மாணவிகளுக்குச் சொல்லும் வரிசையில் ஒவ்வொன்றாக, வாய்விட்டே சொல்லிக்கொண்டு. மார்க்கெட் ரோடு, ஆஸ்பத்திரி முக்கு. லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தார்கள். ரயில் போகும்வரை நின்றேன். கேட் ஏறியதும் பார்க்கிறேன், என் கை எப்போதோ யூ டர்னுக்கு இண்டிகேட்டரைப் போட்டிருக்கிறது, டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. அணைத்தேன். நேராகப் போனேன்.

தண்டவாளத்தைத் தாண்டியதும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அதே ரோடுதான், கொஞ்சம் அகலம் அதிகம். மூன்றாவது கியர், நாலாவது கியர், இந்தக் கார் என்னமாய்ப் போகிறது தெரியுமா, நினைத்த மாத்திரத்தில் திரும்புகிறது, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி. அடிவாரம் வரைக்கும் போனேன். போனவள் சும்மா திரும்பவில்லை, முதல் மூன்று கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். மூன்றாவது வளைவில் எதிரே மலை பஸ் இறங்கி வந்தது, ஒதுங்கி நின்று, மேட்டில் ஹாஃப் கிளட்ச் பிடித்து, ஒரு அங்குலம் பின்னால் போகாமல் எடுத்தேன். பஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அந்தக் கையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வரும்போது பத்து மணி. உங்கப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார், சட்டைப் பொத்தான் ஒன்று மேலே ஒன்று கீழே. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, எனக்கு போன் போட்டு, என் போன் சமையலறையில் அடிப்பதைக் கேட்டு, ஹார்ன் அண்ணனிடம் வரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். திட்டுவார் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன், நானும் விடுவதாக இல்லை. அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எது வரைக்கும் போனே என்று கேட்டார், மூன்று நாளில் முதல் பேச்சு. மூணாவது வளைவு வரைக்கும் என்றேன். அடிவாரத்துல இருந்து எத்தனை நிமிஷம் ஆச்சு என்றார். கடிகாரம் பார்க்கலை என்றேன். குரலை இறக்கி, சரி, எப்படி இருக்கு அங்கே, மூணாவது வளைவுல இருந்து கீழே ஊர் தெரியும்னு சொல்லுவாங்களே, தெரிஞ்சுதா என்று கேட்டார். முப்பத்தோரு வருஷமாக நேரம் மட்டும் எழுதின இடத்தை எப்படி இருக்கிறது என்று கேட்கிற குரல், பாப்பா. என் கோபம் அங்கேதான் கொஞ்சம் இறங்கியது, முழுவதும் இல்லை.

நல்லபடியாகச் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தால் சொல்ல ஒன்றும் இல்லை. நான் பார்த்தது ரோட்டின் வெள்ளைக் கோடு, வளைவுக் கண்ணாடி, பஸ்சின் முன் சக்கரம். ஊர் தெரிந்ததா, மரம் இருந்ததா, மூடுபனி இருந்ததா, ஒன்றும் தெரியாது. உண்மையைச் சொன்னேன். ஓட்டுறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, ரோடுதான் தெரியும், பக்கத்துல யாராவது உக்காந்து சொன்னாத்தான் உண்டு என்றேன். அவரைச் சமாதானப்படுத்தச் சொன்னதில்லை, இருக்கிறதைத்தான் சொன்னேன்.

அவர் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் இறங்கி உட்கார்ந்தார். நான் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை. என்ஜின் அணைந்திருக்கிறது, கார் நம் வீட்டு வாசலில் நிற்கிறது. கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் பார்த்தார். நீ நேரா பார்த்துக்கோ, திரும்பாதே என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிர் வீட்டு மாடியில ஒரு நீலப் போர்வை காயுது என்றார். சரி என்றேன். அதுக்குப் பக்கத்துல ஒரு பூனை, பாதி தூக்கத்துல இருக்கு என்றார். நான் திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். அன்றைக்கு போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன், அவருக்கு எடுக்க நேரம் இருக்காது, எனக்கு மலையைச் சொல்லிக்கொண்டு வருவார். மாப்பிள்ளைக்கு என் ஆசிகளைச் சொல். நீ வேளைக்குச் சாப்பிடு, நாற்காலி விஷயத்தை ஆபீசில் கேட்டு வாங்கு, உட்கார்ந்தே வேலை பார்க்காதே. இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ அனுப்புகிற சுற்றுலாப் படங்களை எல்லாம் இன்று மத்தியானம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடற்கரைக்குப் போன படம், பனியில் எடுத்த படம், புதுக் கார் வாங்கின அன்றைக்கு எடுத்த படம். ஒரு படத்தில் கூட உன் கை ஸ்டியரிங்கில் இல்லை. பதினெட்டு வயசில் மேட்டில் நிறுத்தி ஹாஃப் கிளட்ச்சில் உன்னைக் காரை எடுக்கவைத்தவள் நான், முதல் தடவையிலேயே எடுத்தாய். இந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடம் சாவியை நீ கேள்.

கோபம் இன்னும் பாதி மிச்சம் இருக்கும்
உன் அம்மா